மடிக்கணினிக்கு வைஃபை எட்டவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் விடைகளும்

தெருவிலிருந்து ஃபைபர் கேபிள் நுழையும் சன்னலை ஒட்டி, கீழ்த்தள வரவேற்பறையில், தொலைக்காட்சிக்குப் பின்னால் ரவுட்டர் இருக்கிறது. மடிக்கணினியோ மாடியில், வீட்டின் பின்பக்க அறையில் இருக்கிறது. இடையில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்கள் இரண்டும் காங்கிரீட் தளம் ஒன்றும் நிற்கின்றன. நம் ஊர்த் தனி வீடுகளில் பரவலாகக் காணப்படும் அமைப்பு இதுவே என்பதால், கீழுள்ள விடைகள் பெரும்பாலும் இத்தகைய வீட்டை மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளன.

சிக்னல்தான் குறைகிறதா, இணைப்பே மெதுவாக இருக்கிறதா என்பதை எப்படி அறிவது?

எந்தக் கருவியையும் வாங்குவதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை கண்டாக வேண்டும். மடிக்கணினியை ரவுட்டருக்கு இரண்டு மீட்டர் தொலைவில் வைத்து ஒருமுறையும், வழக்கமாக அமரும் அறையில் வைத்து ஒருமுறையும் வேகத்தைச் சோதித்துப் பாருங்கள். ரவுட்டரோடு லேன் கேபிள் வழியாக இணைத்துச் சோதிக்க முடிந்தால் இன்னும் நல்லது. அருகிலேயே வேகம் குறைவாக இருந்தால் குறை இணையச் சேவையில் இருக்கிறது. அதற்கு எந்த ரிப்பீட்டரும் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) மருந்தாகாது. அருகில் 90 மெகாபிட்டும் மாடியில் 5 மெகாபிட்டும் வந்தால் அது எட்டுதூரச் சிக்கல்.

இன்னொரு சோதனையும் உண்டு. மாடியிலிருந்து ரவுட்டரின் சொந்த முகவரிக்கு 'பிங்', அதாவது பதில் கேட்கும் சிறு சோதனைச் செய்தி, அனுப்பிப் பாருங்கள். அம்முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். பதில் வர சில மில்லிவினாடிகளே ஆனால் ரவுட்டருக்கும் கணினிக்கும் இடையிலான அலைப்பாதை நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம். பதில் நேரம் நூற்றுக்கணக்கான மில்லிவினாடிகளுக்குத் தாவினாலோ, இடையிடையே பதிலே வராமல் போனாலோ, சிக்கல் உங்கள் வீட்டுச் சுவர்களுக்குள்தான் இருக்கிறது.

திரையின் மூலையில் தெரியும் கோடுகளை நம்பலாமா?

ஓரளவுக்கு மட்டுமே நம்பலாம். எத்தனை சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதில் எல்லாக் கணினிகளும் ஒரே கணக்கைப் பின்பற்றுவதில்லை. உண்மையான அளவு டிபிஎம் என்னும் அலகில் கூறப்படுகிறது. அது எதிர்ம எண்ணாகவே வரும், சுழியத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் வலுவானது. ரவுட்டருக்கு அருகில் -35 போல இருக்கும். -67 வரை காணொளி அழைப்பு தடையின்றி நடக்கும். -75-ஐத் தாண்டினால் பக்கங்கள் திணறித் திறக்கும், -85-க்குக் கீழே இணைப்பு பெயரளவுக்குத்தான் இருக்கும்.

மேக் கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி வைஃபை குறியைச் சொடுக்கினால் இந்த எண் நேரடியாகத் தெரியும். விண்டோஸ் தரும் சதவீதத்தை நீங்களே மாற்றிக்கொள்ளலாம்: சதவீதத்தைப் பாதியாக்கி அதிலிருந்து நூறைக் கழித்தால் போதும். 60 சதவீதம் என்றால் -70 டிபிஎம். இந்த எண் ஒன்று கூடுவது ஒரு டெசிபெல் உயர்வு; ஒவ்வொரு மூன்று டெசிபெல் உயர்வும் சக்தி இரு மடங்காவதைக் குறிக்கும் என்பதால், ஐந்தாறு டெசிபெல் ஆதாயத்தையும் அலட்சியப்படுத்த வேண்டாம். இந்தப் பக்கத்தில் சொல்லப்படும் ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னும் பின்னும் இந்த எண்ணைக் குறித்து வைத்தால்தான், எது பயன்பட்டது, எது மனப்பிரமை என்பது விளங்கும்.

பத்து மீட்டர் தூரம்தானே? சிக்னல் எங்கே போகிறது?

தூரத்தை விடச் சுவர்கள்தான் அதிகம் தின்கின்றன. வைஃபை பரவலாகப் பயன்படுத்தும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு அலைப்பட்டைகளில் முதலாவதான 2.4 கிகாஹெர்ட்ஸில் ரவுட்டர் 20 டிபிஎம் சக்தியில், அதாவது 100 மில்லிவாட்டில் அனுப்புவதாகக் கொள்வோம். திறந்தவெளியில் பத்து மீட்டர் கடக்க ஏறத்தாழ 60 டெசிபெல் செலவாகும். ஆகவே அங்கே -40 டிபிஎம் கிடைக்க வேண்டும். அது மிக நல்ல சிக்னல். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒவ்வொன்றும் எட்டு டெசிபெல் எடுத்துக்கொண்டால் -56 ஆகும். கம்பி கட்டிய காங்கிரீட் தளம் இன்னுமொரு பதினைந்தை விழுங்கினால் -71 ஆகும். சுவரின் ஈரம், கலவை, கம்பியின் நெருக்கம் ஆகியவற்றைப் பொறுத்து இந்த எண்கள் முன்பின் மாறும். எனினும் வீட்டில் நடப்பது இதுதான்.

அலை சுவரைச் செங்குத்தாகக் கடப்பதும் சாய்வாகக் கடப்பதும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். மூலைக்கு மூலை சாய்ந்து செல்லும் பாதையில் அதே சுவர் ஒன்றரை மடங்கு தடிமனாகிவிடுகிறது. சுவர்களை விடக் கொடியவை சில வீட்டுச் சாமான்கள்: இரும்பு பீரோ, குளிர்சாதனப் பெட்டி, பின்பக்கம் ரசம் பூசிய நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி. உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும். தண்ணீர் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

சக்தி கூடிய ரவுட்டர் வாங்கினால் தீர்ந்துவிடாதா?

விளம்பரங்கள் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் வைஃபை இரு வழிப் பேச்சு. ரவுட்டர் அனுப்பும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் மடிக்கணினி 'வந்து சேர்ந்தது' என்று பதில் அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் ரவுட்டர் அதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். மடிக்கணினியின் அனுப்பும் சக்தி பெரும்பாலும் ரவுட்டரை விடக் குறைவு. அதனால்தான் கோடுகள் எல்லாம் நிறைந்து தெரிய, பக்கம் மட்டும் திறக்காமல் நிற்கும் விசித்திரம் நேர்கிறது. நீங்கள் ரவுட்டரைக் கேட்கிறீர்கள், அதற்கு நீங்கள் கேட்கவில்லை.

மேலும், சக்திக்குச் சட்ட வரம்பும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைப்பட்டை இந்தியாவில் 2005-இல் உரிமம் இன்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டபோது, ஆன்டெனாவின் ஆதாயத்தையும் (அலையை ஒரு திசையில் குவிப்பதால் கிடைக்கும் கூடுதல் வலு) சேர்த்து 4 வாட் என்ற உச்ச அளவு விதிக்கப்பட்டது. இணையத்தில் விற்கப்படும் சில 'பூஸ்டர்'கள் இந்த வரம்பையே மதிப்பதில்லை.

இரு திசைக்கும் சமமாகப் பயன் தருபவை மூன்று: தடையை அகற்றுவது, தூரத்தைக் குறைப்பது, நல்ல ஆன்டெனா பொருத்துவது. ஆன்டெனா மேம்பட்டால் அனுப்பும் திறனும் கேட்கும் திறனும் ஒருசேர உயரும். பணம் செலவாகாத முதல் இரண்டையும் முடித்துவிட்டு மூன்றாவதற்குப் போவதே முறை.

ரவுட்டரை எங்கே வைப்பது?

ஃபைபர் எங்கே நுழைகிறதோ அங்கேயே ரவுட்டரை ஆணியடித்து மாட்டிவிட்டுப் போவது, இணைப்புக் கொடுக்க வருபவர்களின் வழக்கம். அவர்களுக்கு வேலை முடிய வேண்டும்; உங்களுக்கோ அது வீட்டின் ஓரமாகப் போய்விடுகிறது, அலையில் பாதி தெருவுக்கே செல்கிறது. இணைப்பு வாங்கும் நாளிலேயே, கேபிளைக் கூடுதலாகப் பத்துப் பதினைந்து மீட்டர் உள்ளே இழுத்து மாடிப்படி அருகில் ரவுட்டரை வைக்கச் சொல்லிக் கேட்பது நல்லது. பின்னால் செய்வதானால், ஃபைபர் பெட்டியிலிருந்து லேன் கேபிள் இழுத்து, வைஃபை ரவுட்டரை மட்டும் தனியாக உள்ளே நகர்த்தலாம். ஃபைபர் இழையை நீங்களே இழுத்து வளைக்க வேண்டாம். கூர்மையாக வளைந்தால் ஒளி கசிந்து இணைப்பே போய்விடும்.

மாடிப்படிக் கூடத்தைக் குறிப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டின் காங்கிரீட் தளத்தில் உள்ள ஒரே பெரிய திறப்பு அதுதான். படிக்கட்டின் நடுத்திருப்பத்தில், ஆள் உயரத்துக்கு மேலே ரவுட்டரை வைத்தால், அலை தளத்தைத் துளைக்காமல் திறப்பின் வழியாகவே மேலே ஏறிவிடும். முன்பு போட்ட கணக்கில் பதினைந்து டெசிபெல் இப்படியே மிச்சமாகிறது. எந்தக் கடைப் பொருளும் இவ்வளவு மலிவாக இதைத் தராது.

தொலைக்காட்சியின் பின்புறம், மர அலமாரியின் உட்புறம், தரையை ஒட்டிய மூலை, மின்மீட்டர்ப் பெட்டியின் அருகு ஆகிய இடங்களைத் தவிர்க்க வேண்டும். அழகுக்காக உலோகக் கூடையில் வைப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு வைஃபை அந்தக் கூடைக்குள் மட்டும் பிரமாதமாகக் கிடைக்கும்.

ரவுட்டரின் ஆன்டெனாக்களை எப்படித் திருப்பி வைப்பது?

குச்சி ஆன்டெனா தன் நுனி காட்டும் திசையில் அலையை அனுப்புவதில்லை. தன் பக்கவாட்டில் சுற்றிலும்தான் அனுப்புகிறது. ஆகவே ஒரே தளத்தில் பரவ வேண்டுமானால் அதை நேராக நிமிர்த்தி வைக்க வேண்டும். மாடிக்கும் எட்ட வேண்டுமானால் ஒன்றை நிமிர்த்தியும் மற்றொன்றைப் படுக்கை வாட்டிலும் வைத்துப் பாருங்கள். மாடி அறையை நோக்கி நுனியை நீட்டி வைப்பதுதான் பலரும் செய்வது. அதுதான் ஆகாதது.

2.4 கிகாஹெர்ட்ஸா, 5 கிகாஹெர்ட்ஸா?

எட்ட வேண்டுமென்றால் 2.4, வேகம் வேண்டுமென்றால் 5. ஒரே தூரத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ ஆறேழு டெசிபெல் பலவீனமாகவே வந்து சேரும், சுவர்களிலும் அதிகம் இழக்கும். மேலே சொன்ன மாடி அறையில் அது -85 அளவில் தள்ளாடும்போது 2.4 நின்று பேசிக்கொண்டிருக்கும். ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பில் நிலைமை தலைகீழ். அங்கே இருபது முப்பது வீட்டு ரவுட்டர்கள் 2.4-இல் ஒன்றன்மேல் ஒன்று கத்திக்கொண்டிருப்பதால், சிக்னல் வலுவாக இருந்தும் பயன் இருக்காது. சுவர் தாண்டாத 5 கிகாஹெர்ட்ஸே அங்கே வரம். பக்கத்து வீட்டுக்காரருடைய அலையும் சுவர் தாண்டி வராது அல்லவா?

ரவுட்டர் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்திருந்தால், எதில் சேர்வது என்பதைப் பெரும்பாலும் மடிக்கணினியே முடிவு செய்கிறது, சில சமயம் தவறாக. சோதனைக் காலத்துக்கு மட்டும் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துக்கொண்டால் ஒப்பிட்டுப் பார்க்க எளிது.

சேனலை மாற்றினால் எட்டுதூரம் கூடுமா?

சேனல் என்பது அலைப்பட்டைக்குள் ரவுட்டர் பேசும் ஒரு சிறு துண்டு. அதை மாற்றினால் சிக்னல் கூடாது, இரைச்சல் குறையும், பயன் அதேதான். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே. இடைப்பட்ட 3 அல்லது 8-ஐ 'காலியாக இருக்கிறதே' என்று தேர்ந்தெடுத்தால் இருபுறத்து நெரிசலையும் சேர்த்து வாங்கிக்கொள்வீர்கள். ஆண்ட்ராய்டு கைபேசியில் இலவச வைஃபை அலசிச் செயலி ஒன்றை நிறுவி, மாடி அறையிலேயே நின்று பார்த்து, மூன்றில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். சேனல் அகலத்தையும் 2.4-இல் 20 மெகாஹெர்ட்ஸாகவே வையுங்கள். 40-ஆக்கினால் சக்தி அகலமாகப் பரந்து மெலியும்.

மடிக்கணினியிலேயே ஏதேனும் செய்ய முடியுமா?

முடியும். முதலில், அதன் ஆன்டெனா எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். பெரும்பாலான மடிக்கணினிகளில் திரைச் சட்டத்தின் விளிம்பில் இரண்டு மெல்லிய உலோகப் பட்டைகள் ஒட்டப்பட்டிருக்கும்; அவற்றிலிருந்து நூல் போன்ற இரு கம்பிகள் கீல் வழியாக இறங்கி அடிப்பலகையிலுள்ள வைஃபை அட்டையில் முடியும். முழு உலோக உடல் கொண்ட கணினிகளில் ஆன்டெனாக்கள் கீல் பகுதியிலுள்ள பிளாஸ்டிக் துண்டின் பின்னால் இருப்பதுண்டு. எனவே மூடியைத் தாழ்த்தி வைத்து வெளித்திரையில் வேலை செய்தாலோ, பின்னால் இரும்பு அலமாரி இருந்தாலோ எட்டுதூரம் குறையும். மேசையை ஒரு முழம் நகர்த்துவதே சில டெசிபெல்களைத் தரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர்தான். எதிரொலித்து வரும் அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் இடமும் வலுப்படுத்தும் இடமும் ஒரு சாண் இடைவெளிக்குள்ளேயே மாறி மாறி வரும்.

அடுத்தது பலரும் அறியாதது. யூஎஸ்பி 3 இணைப்புகள் இயங்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலேயே வானொலி இரைச்சலை உமிழ்கின்றன என்பதை இன்டெல் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை ஒன்றில் அளந்து காட்டியது. வெளி வன்தட்டில் கோப்புகளை நகலெடுக்கும்போது மட்டும் வைஃபை செத்துப்போகிறது என்றால் காரணம் இதுவாகலாம். வன்தட்டை நீளமான, உறை போட்ட நல்ல கேபிளில் தள்ளி வையுங்கள். அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது. அதன் தொல்லை பால் சூடாகும் வரைக்கும்தான்.

மென்பொருளில், பேட்டரியில் ஓடும்போது வைஃபை அட்டையின் மின்சேமிப்பை நிறுத்துங்கள். அட்டையின் இயக்கியை (டிரைவர் மென்பொருளை) தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதுப்பியுங்கள். இன்டெல் அட்டைகளின் மேம்பட்ட அமைப்புகளில் அனுப்பும் சக்தி உச்சத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். யாரேனும் குறைத்திருந்தால் ஒழிய அது உச்சத்தில்தான் இருக்கும்.

உள்ளே இருக்கும் வைஃபை அட்டையை மாற்றலாமா?

பழைய மடிக்கணினிக்கு இது நல்ல முதலீடு, குறிப்பாக அதில் 2.4 மட்டுமே உள்ள, ஒற்றை ஆன்டெனா அட்டை இருந்தால். ஆனால் வாங்குமுன் மூன்றைக் கவனியுங்கள். சில மெல்லிய கணினிகளில் அட்டை பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே எதுவும் செய்ய முடியாது. இன்டெல் ஏஎக்ஸ்210 போன்ற அட்டைகள் பொதுவான எம்.2 செருகியில் இயங்கும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 போன்றவையோ குறிப்பிட்ட இன்டெல் செயலிகளோடு மட்டுமே சேரும். எண் ஒன்று மாறினால் பணம் வீண். பழைய மாதிரிகள் சிலவற்றில், தயாரிப்பாளர் அங்கீகரிக்காத அட்டையைக் கண்டால் கணினி தொடங்கவே மறுக்கும். கழற்றும்போது, நூல் போன்ற அந்த ஆன்டெனாக் கம்பிகளின் பித்தளைக் குமிழ்களை நேர்மேலாகத் தூக்குங்கள். அவை அடிக்கடி கழற்றி மாட்டுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மாட்டும்போது ஒன்று சரியாக அமராமல் போனால், புதிய அட்டை பழையதை விட மோசமாக வேலை செய்யும்.

யூஎஸ்பி வைஃபை அடாப்டர் பயன்படுமா?

கட்டைவிரல் நகம் அளவிலான குட்டி அடாப்டர்கள் பயன்படா. அவற்றின் ஆன்டெனா, மடிக்கணினிக்குள் இருப்பதை விடச் சிறியது. வெளி ஆன்டெனா உள்ள, நீட்டிப்புக் கேபிளோடு வரும் அடாப்டரை வாங்குங்கள். உண்மையான ஆதாயம் ஆன்டெனாவில் பாதி, கேபிளில் பாதி. கேபிள் இருப்பதால் அடாப்டரை அறை வாசலுக்கோ, படிக்கட்டை நோக்கிய சன்னலுக்கோ கொண்டுபோக முடிகிறது. யூஎஸ்பி 2 கேபிள் ஐந்து மீட்டர் வரை இழப்பின்றி வேலை செய்யும். இதற்கு மாறாக, ஆன்டெனாவை மட்டும் மெல்லிய கோஆக்சியல் கம்பியில் நீட்டினால் மீட்டருக்கு இரண்டு டெசிபெல்லுக்கு மேல் கம்பியிலேயே கரைந்துபோகும். எனவே நீட்ட வேண்டியது யூஎஸ்பி கம்பியை, ஆன்டெனாக் கம்பியை அல்ல.

வாங்குவதற்கு முன் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைபேசியை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். கைபேசியை வீட்டு வைஃபையில் சேர்த்து, யூஎஸ்பி டெதரிங்கை இயக்கி, கேபிளால் மடிக்கணினியோடு இணையுங்கள். கைபேசி தான் பெற்ற வைஃபை இணைப்பையே கணினிக்குக் கடத்தும். கைபேசியை வாசல் நிலைமேல் வைத்துப் பாருங்கள். அங்கே வேகம் கூடினால் அடாப்டரும் பயன்படும். சிலருக்கு இந்த ஏற்பாடே போதுமானதாகிவிடுகிறது.

டின், சல்லடை ஆகியவற்றில் ஆன்டெனா செய்யலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், அறிவியலும் சரியானதே. எட்டரை சென்டிமீட்டர் விட்டமுள்ள பால்பவுடர் டின் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு அலைக்குழாயாக வேலை செய்யும். விட்டம் ஏழேகாலுக்குக் கீழே போனால் அலை உள்ளே பயணிக்காது. ஒன்பதரையைத் தாண்டினால் வேண்டாத அலைவடிவங்கள் கலந்துவிடும். மூடிய அடிப்பக்கத்திலிருந்து சுமார் ஐந்தே முக்கால் சென்டிமீட்டரில் துளையிட்டு, மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளத்தில் ஒரு செம்புக் கம்பியை உள்ளே நிறுத்த வேண்டும். இந்த அளவுகளில் சில மில்லிமீட்டர் பிசகினாலும் ஆதாயம் சரியும். சல்லடை அதை விட எளிது. உலோக வலையின் கண்கள் அலைநீளத்தை விட மிகச் சிறியவையாதலால் வைஃபைக்கு அது முழுத் தகடாகவே தெரியும். முப்பது சென்டிமீட்டர் அகலமும் ஏழரை சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட குழிந்த சல்லடையின் நடுவில், அடியிலிருந்து ஏழரை சென்டிமீட்டர் உயரத்தில் யூஎஸ்பி அடாப்டரை நிறுத்தினால் அது கிண்ண ஆன்டெனாவாகிவிடும். பழக்கூடை போன்ற பிளாஸ்டிக் சல்லடை உதவாது.

இவை ஒரே திசையில்தான் கேட்கும் என்பதால், ரவுட்டர் இருக்கும் பக்கத்தைப் பொறுமையாகத் தேடிப் பொருத்த வேண்டும். பள்ளி மாணவர்களுக்கு நல்ல விடுமுறைப் பொழுதுபோக்கு. அன்றாட அலுவலக வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ரிப்பீட்டர் வாங்கலாமா? எங்கே மாட்டுவது?

சிக்னல் எட்டாத அறையிலேயே ரிப்பீட்டரை மாட்டுவதுதான் மிகப் பரவலான பிழை. தனக்கே கேட்காத ஒன்றை அதனால் திருப்பிச் சொல்ல முடியாது. ரவுட்டரின் சிக்னல் -60 முதல் -65 வரை வரும் இடமே அதற்குரிய இடம். நம் வீட்டில் அது பெரும்பாலும் படிக்கட்டின் மேல்முனையாக இருக்கும். ஒற்றைப் பட்டை ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் கேட்டு, அதே அலைவரிசையில் திருப்பிச் சொல்வதால் வேகம் பாதியாகக் குறையும். இரட்டைப் பட்டை மாதிரி, ஒரு பட்டையில் கேட்டு மற்றொன்றில் பேசக்கூடியதானால், இந்த இழப்பைப் பெரிதும் தவிர்க்கலாம்.

கடையில் யாரும் சொல்லாத ஒன்று: அந்த மின்செருகி இன்வெர்ட்டர் இணைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். ரவுட்டருக்கு மட்டும் இன்வெர்ட்டர் இருந்து ரிப்பீட்டருக்கு இல்லாவிட்டால், மின்தடையின்போது மாடி அறை மீண்டும் இருண்ட பகுதியாகிவிடும்.

மெஷ் அமைப்பு அதை விட மேலானதா?

மேலானதுதான், விலையும் அதற்கேற்றபடி இருக்கும். மெஷ் என்பது வீட்டின் பல இடங்களில் வைத்து ஒரே வலையாக இயங்கும் வைஃபை கருவிகளின் தொகுப்பு. அவை தங்களுக்குள் பாதையைத் தாங்களே வகுத்துக்கொள்ளும். ஒரே பெயர், ஒரே கடவுச்சொல்லில் வீடு முழுவதும் நகரலாம். ஆனால் அவற்றுக்கும் இயற்பியல் ஒன்றே. இரண்டு கருவிகளுக்கு இடையே காங்கிரீட் தளம் இருந்தால் அவற்றின் பேச்சும் மெலியும். மெஷ் கருவிகளைத் தங்களுக்குள் லேன் கேபிளால் இணைக்க முடியுமானால் கட்டாயம் இணையுங்கள்.

அப்படியானால் கேபிள்தான் முடிவான தீர்வா?

ஆம். சொந்த வீடாக இருந்து, ஒரே ஒரு செலவு மட்டும் செய்ய முடியும் என்றால், மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து அங்கே ஓர் அக்சஸ் பாயிண்ட் (கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்பும் கருவி) வைக்கவே சொல்வேன். தளத்தையும் சுவர்களையும் கேபிள் கடக்க, வைஃபை கடக்க வேண்டியது கடைசி மூன்று மீட்டர் மட்டுமே.

கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட்டைச் சுமக்கும். வாங்கும்போது முழுச் செம்புக் கம்பியா என்று கேளுங்கள். செம்பு பூசிய அலுமினியம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் முனையில் எளிதில் முறியும். ஏசி குழாய்க்குப் போட்ட துளை, கேபிள் டிவி கம்பி ஏறிய வழி ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். மின்கம்பி செல்லும் அதே குழாய்க்குள் மட்டும் விட வேண்டாம். வேலை முடிந்தபின் வேகத்தைச் சோதியுங்கள். திட்டம் 200 மெகாபிட்டாக இருந்தும், எத்தனை முறை சோதித்தாலும் 94 அளவிலேயே நின்றால், எட்டுக் கம்பிகளில் ஏதோ ஒன்று முனையில் சரியாகப் பொருத்தப்படவில்லை, அல்லது இரு முனைகளில் ஏதோ ஒரு கருவியின் துளையே 100 மெகாபிட் வகை என்று பொருள்.

அக்சஸ் பாயிண்டாகப் பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரே போதும். அதன் முகவரியை 192.168.1.2 போல, முதன்மை ரவுட்டரோடு மோதாததாக மாற்றுங்கள். அதிலுள்ள டிஎச்சிபி (கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும்) வசதியை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் இரண்டு ரவுட்டர்களும் போட்டியாக முகவரி வழங்கி, வீட்டில் பாதிக் கருவிகள் இணையமின்றித் தவிக்கும். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் கீழ்த்தள ரவுட்டரில் உள்ளதையே வையுங்கள், சேனலை மட்டும் வேறாக வையுங்கள். மேலே வந்த கேபிளை, நிறம் மாறியிருக்கும் 'WAN' துளையில் (வெளி இணையம் நுழைவதற்கானது) செருகாமல், லேன் துளைகளில் ஒன்றில் செருகுங்கள்.

சுவரைத் துளைக்க வீட்டு உரிமையாளர் விடமாட்டார். மின்கம்பி வழியாகவே இணையம் அனுப்பும் கருவி சரிப்படுமா?

பவர்லைன் அடாப்டர் எனப்படும் அக்கருவி வாடகை வீட்டுக்கு ஏற்றதுதான், ஆனால் நம் வீட்டு மின்னமைப்பு அதற்குச் சில பொறிகளை வைத்திருக்கிறது. மும்முனை இணைப்புள்ள வீட்டில் கீழ்த்தளம் ஒரு ஃபேஸிலும் மாடி வேறொரு ஃபேஸிலும் இருந்தால் சிக்னல் கடப்பது அரிது. ஒரு முனை இன்வெர்ட்டர் இணைப்பிலும் மறுமுனை நேர் மின்சாரத்திலும் இருந்தாலும் அதே கதி. ஸ்பைக் பஸ்டரில் செருகினால் அதன் வடிகட்டி தரவையும் சேர்த்து வடித்துவிடும். சுவர்ச் செருகியிலேயே நேரடியாகச் செருக வேண்டும். திருப்பிக் கொடுக்க அனுமதிக்கும் கடையில் வாங்குவது உத்தமம்.

ரவுட்டரில் ஒட்டும் ஸ்டிக்கர், கைபேசியில் நிறுவும் 'பூஸ்டர்' செயலி ஆகியவை?

வேண்டாம்.

பக்கத்து வீட்டு வைஃபை நன்றாக எட்டுகிறது. பயன்படுத்திக்கொள்ளலாமா?

அவர் அனுமதித்தால் மட்டும். அனுமதியின்றி ஒருவருடைய கணினி வலையமைப்பில் நுழைவது, 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவுக்குள் வரும். நீங்கள் எட்டுதூரத்தைக் கூட்டும்போது உங்கள் வைஃபையும் தெருவரை எட்டும் என்பதை மறந்துவிட வேண்டாம். 2008-இல் அகமதாபாத் குண்டுவெடிப்பின்போது அனுப்பப்பட்ட மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வீட்டின் வைஃபை இணைப்பு வழியாகச் சென்றிருந்தது. விசாரணை முதலில் போய் நின்றது அந்த வீட்டு வாசலில். டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 பாதுகாப்பும் நீளமான கடவுச்சொல்லும் இன்றி எந்த ரவுட்டரையும் இயக்க வேண்டாம்.

தோட்டத்து வீடு அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே மடிக்கணினியில் வேலை செய்ய வழி உண்டா?

உண்டு. ஒன்றையொன்று நோக்கிய திசை ஆன்டெனாக்கள் இரண்டு இருந்தால் வைஃபைக்கு அரை கிலோமீட்டர் பெரிய தூரமே அல்ல. இதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. 2000-களின் நடுப்பகுதியில் தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனையும் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களும், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வாளர்கள் மாற்றியமைத்த வைஃபை கருவிகளால் இணைக்கப்பட்டன. பல கிலோமீட்டர் தள்ளியிருந்த மையத்துக்கு வந்த நோயாளி, அங்கிருந்தே காணொளியில் மருத்துவரோடு பேசினார். வெனிசுவேலாவில் 2007-இல் இரு மலையுச்சிகளுக்கு இடையே 382 கிலோமீட்டர் தூரத்துக்கே வைஃபை இணைப்பு ஏற்படுத்திக் காட்டினார்கள்.

இதன் நிபந்தனை ஒன்றே: இரு ஆன்டெனாக்களும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். பார்த்தால் மட்டும் போதாது, நேர்கோட்டைச் சுற்றியும் இடம் வேண்டும். 5.8 கிகாஹெர்ட்ஸில் அரை கிலோமீட்டர் இணைப்புக்கு, நடுவழியில் சுற்றிலும் சுமார் இரண்டரை மீட்டர் ஆரமுள்ள வெற்றிடம் தேவைப்படும். கோடையில் நன்றாக ஓடிய இணைப்பு மழைக்காலத்தில் சோர்ந்தால், இடையிலுள்ள தென்னையின் ஈர ஓலைகளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதி 2018-இல் உரிமமின்றிப் பயன்படுத்தத் திறக்கப்பட்டதால், அனுமதிக்கப்பட்ட சக்திக்குள் இயங்கும், முறையான சான்று பெற்ற கருவிகளை வெளியிலும் நிறுவலாம். தோட்டத்து வீட்டுக்குள் அந்தச் சிக்னலை மடிக்கணினி நேரடியாகப் பிடிக்க முயலக் கூடாது. கூரைமேல் உள்ள கருவியிலிருந்து கேபிள் இறக்கி, உள்ளே ஒரு சாதாரண அக்சஸ் பாயிண்டில் முடிக்க வேண்டும்.

மொட்டை மாடியில் கம்பம் நட்டு ஆன்டெனா பொருத்தினால், கம்பத்துக்குத் தனியாக எர்த் கொடுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மின்னல் தடுப்பான் ஒன்றைப் பொருத்துங்கள். இடி மின்னல் கூடும் நேரத்தில் கேபிளைக் கழற்றி வைப்பது இன்னும் பாதுகாப்பானது. இரண்டு கட்டடங்களும் ஒரே வளாகத்துக்குள், மண்ணில் குழாய் பதிக்கக்கூடிய தூரத்தில் இருந்தால், வைஃபையையும் செம்புக் கேபிளையும் விட்டுவிட்டு ஃபைபரையே பதிப்பது மேல். உலோக இழை இல்லாத ஃபைபராகப் பார்த்து வாங்கினால், ஒரு கட்டடத்தில் இறங்கும் மின்னல் அதன் வழியே மற்றொன்றுக்குத் தாவாது.